எஃப்.ஐ.ஆர். என்றால் என்ன? ரங்கோனிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்காக

பெரியம்மாவின் கைப்பையை யாரோ பிளேடால் அறுத்திருந்தார்கள். சென்னை பீச் ஸ்டேஷனில் ரயிலேறி வியாசர்பாடி ஜீவாவில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. உள்ளே இருந்த பர்மா பாஸ்போர்ட், 12,000 ரூபாய், கைபேசி மூன்றும் போய்விட்டன. மூட்டு வலி வைத்தியத்துக்காக யாங்கோனிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தங்கியிருந்தது அக்கா வீட்டில். பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓடினோம். மேசைக்குப் பின்னால் இருந்த ரைட்டர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "ரயில்ல நடந்ததுன்னா ரயில்வே போலீஸ்ல குடுக்கணும்மா, இது எங்க லிமிட் இல்ல. இல்லன்னா பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க, இப்பவே சீல் போட்டுத் தர்றேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். ஆனாலும் அந்த இரண்டு வாக்கியங்களிலும் சட்டப்படி பிழை இருந்தது. ஊருக்குப் போய்வரும் நம் ஆட்கள் பலர் இதே இடத்தில்தான் திரும்பி வந்துவிடுகிறார்கள். வைத்தியம், குலதெய்வம், கல்யாணம் என்று வருஷம் முழுக்க யாரோ ஒருவர் போய்க்கொண்டே இருக்கும் சமூகம் நம்முடையது. ஆகவே ஒரு குற்றத்தைக் காவல்துறையிடம் சொல்வது இந்தியாவில் எப்படி நடக்கிறது என்று அடியிலிருந்து எழுதிவைக்கிறேன்.

எஃப்.ஐ.ஆர். என்பதைத் தமிழில் முதல் தகவல் அறிக்கை என்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'தகவல்'. குற்றம் நடந்திருக்கிறது என்ற செய்தி முதல்முதலாகக் காவல் நிலையத்துக்கு வந்து எழுத்தில் பதிவாகிறது, அவ்வளவுதான். யார் செய்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாட்சி கொண்டுபோக வேண்டியதில்லை. எந்தச் சட்டப் பிரிவில் வரும் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. பாதிக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்ற விதியும் கிடையாது. பார்த்தவர் சொல்லலாம், கேள்விப்பட்ட உறவினர் சொல்லலாம். இந்தியக் குடியுரிமை இல்லாதவரும் சொல்லலாம். கண்டுபிடிப்பதும் நிரூபிப்பதும் காவல்துறையின் வேலை. நடந்ததைச் சொல்வது மட்டும்தான் நம் வேலை. "ஆள் யாருன்னு தெரியாம என்னன்னு புகார் குடுப்பீங்க?" என்று யாராவது கேட்டால் தயங்க வேண்டாம். அடையாளம் தெரியாத நபர் என்று எழுதியே வழக்குப் பதிவார்கள்.

ஆனால் எல்லாக் குற்றத்துக்கும் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. கொலை, கொள்ளை, ஆள்கடத்தல், பாலியல் வன்முறை, திருட்டு, பெரிய மோசடி போன்றவற்றில் நீதிமன்ற வாரண்டு இல்லாமலேயே போலீஸ் கைது செய்யலாம், தானாகவே விசாரணையில் இறங்கலாம். எஃப்.ஐ.ஆர். இவற்றுக்குத்தான். அவதூறு, லேசான அடிதடி போன்றவை இன்னொரு வகை. அவற்றில் போலீஸ் தகவலை அதற்குரிய ஏட்டில் குறித்துக்கொண்டு உங்களை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் அவர்கள் விசாரிக்க முடியாது. இந்தப் பாகுபாடு தெரியாததால்தான், பக்கத்து வீட்டுக்காரர் திட்டியதற்கு எஃப்.ஐ.ஆர். போடவில்லையே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். புதுச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: களவுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அந்தத் திருட்டு இரண்டாவது வகையில் போய்ச் சேர்கிறது. ஆகவே என்னென்ன போனது, எவ்வளவு பெறும் என்பதை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும். பெரியம்மா முதலில் பாஸ்போர்ட்டைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார். பணத்தைச் சொல்லவே கூச்சப்பட்டார்.

'புதுச் சட்டம்' என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் யாங்கோனில் ஒரு வக்கீலிடம் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். இந்த விஷயத்தில் நமக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு எனக்கு எப்போதும் வியப்புத் தருவது. பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1860-ல் இந்தியாவுக்கென்று எழுதிய தண்டனைச் சட்டமும், 1898-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இங்கேயும் நடப்புக்கு வந்தன. பிரிந்த பிறகும் அவை போகவில்லை. அங்கங்கே திருத்தம் நடந்திருந்தாலும் இன்றைக்கும் யாங்கோன் நீதிமன்றங்களில் புரளுவது அந்த நூல்கள்தான். காவல் நிலையத்தில் தகவலை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்ற விதி இங்கே 154-வது பிரிவு. இந்தியாவில் 1973-ல் நடைமுறைச் சட்டத்தை மாற்றி எழுதியபோதும் அதே 154 என்ற எண்ணிலேயே வைத்திருந்தார்கள். ஆகவே அதற்குப் பிறகும் ஐம்பது வருஷம், ரங்கோன் குமாஸ்தாவும் மதுரை குமாஸ்தாவும் 154 என்றால் ஒரே பொருளில் புரிந்துகொண்டார்கள்.

2024 ஜூலை 1 அன்று அந்தக் கயிறு அறுந்தது. இந்தியாவில் மூன்று புதுச் சட்டங்கள் நடப்புக்கு வந்தன. தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம். எஃப்.ஐ.ஆர். இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. இங்கே பழகியவர்களுக்குக் குழப்பம் வரும் இடம் இது. நம் பழைய சட்டத்தில் 173 என்றால் விசாரணை முடிந்து போலீஸ் நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கை; அது அங்கே 193-க்குப் போய்விட்டது. மோசடிக்காரனை நாம் '420' என்கிறோமே, இங்கே ஏமாற்றுக் குற்றம் இன்னமும் 420 தான். இந்தியாவிலோ அது 318-வது பிரிவாகிவிட்டது. பேச்சில் மட்டும் 420 இருக்கிறது.

எண்கள் மாறினாலும் நடைமுறையின் எலும்புக்கூடு 1898-ல் இருந்ததுதான். நீங்கள் வாயால் சொல்லலாம். சொன்னதை நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் எழுதப்பட வேண்டும். எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகு நீங்கள் கையெழுத்திட வேண்டும். பிரதி ஒன்றை இலவசமாகத் தர வேண்டும். முன்பு இந்தப் பிரதி தகவல் கொடுத்தவருக்கு மட்டும் என்று இருந்தது. இப்போது பாதிக்கப்பட்டவரும் கேட்டு வாங்கலாம்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது படித்துக் காட்டும் விஷயத்தை. நம்மில் தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாதவர்கள் அதிகம். 1960-களில் தனியார் பள்ளிகள் தேசியமயமானபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்குப் பிறகு வளர்ந்தவர்களுக்குத் தமிழ் காதிலும் நாக்கிலும்தான் இருக்கிறது. பெரியம்மாவுக்குப் பர்மிய எழுத்து நன்றாகப் படிக்க வரும், தமிழில் கோயில் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டுவார், அவ்வளவே. தமிழ்நாட்டில் எஃப்.ஐ.ஆர். எழுதுவது தமிழில். தாளை நீட்டினால் வெட்கப்பட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவது நம் ஆட்களின் வழக்கம். அப்படிச் செய்யவே கூடாது. "எனக்குப் படிக்க வராது, படிச்சுக் காட்டுங்க" என்று கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. அவர்கள் படித்துக் காட்ட வேண்டும் என்பதே சட்டம்.

அன்று நடந்ததையே சொல்கிறேன். அக்கா வீட்டுக்காரர் வந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசினார். எல்லை எங்கே இருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலை வாங்க வேண்டும் என்று 173-வது பிரிவே சொல்வதை எடுத்துக்காட்டினார். இன்ஸ்பெக்டர் மறுக்கவில்லை, எழுதச் சொன்னார். ரைட்டர் எழுதி முடித்துப் படித்தார்: "...பயணம் செய்து இறங்கியபோது எனது கைப்பையில் இருந்த கடவுச்சீட்டு காணாமல் போனது தெரியவந்தது..."

பெரியம்மா கையை நீட்டி நிறுத்தினார். "காணாம போகலை தம்பி. அறுத்திருக்கான்." பையைத் தூக்கி மேசையில் வைத்தார். அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக ஒரு வெட்டு. ரைட்டர் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, அடையாளம் தெரியாத நபர் பையின் அடிப்பாகத்தைக் கூர்மையான பொருளால் அறுத்துத் திருடிச் சென்றதாக எழுதினார். திருத்திய இடத்தைத் திரும்பவும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின்தான் பெரியம்மா பேனாவைக் கையில் எடுத்தார்.

'காணாமல் போனது' என்று எழுதினால் அங்கே குற்றமே இல்லை. குற்றம் இல்லையென்றால் விசாரணையும் இல்லை. தமிழ்நாடு காவல்துறை இணையத்திலேயே தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கை ஒன்றைத் தருகிறது. உண்மையிலேயே தொலைத்தவர்களுக்கு அது நல்ல வசதி. திருடு கொடுத்தவர் அதை வாங்கிக்கொண்டு திருப்திப்படக் கூடாது. இன்னொரு தாளும் உண்டு, சி.எஸ்.ஆர். ரசீது. நீங்கள் மனு கொடுத்தீர்கள் என்பதற்கு அது அத்தாட்சி. நம்பர், முத்திரை எல்லாம் இருப்பதால் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரப்படுத்துகிறவர்கள் ஏராளம். இரண்டும் வேறு வேறு. எஃப்.ஐ.ஆர். தாளில் குற்ற எண், சட்டப் பிரிவு, சம்பவம் நடந்த நாளும் நேரமும், தகவல் கிடைத்த நாளும் நேரமும் கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் குற்ற எண்ணைத்தான் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லை தாண்டிப் பதியும் இந்த எஃப்.ஐ.ஆருக்கு 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று பெயர். தங்கள் வரிசை எண்ணைப் போடாமல் பூஜ்யம் என்று குறித்து, சம்பவம் நடந்த எல்லைக்குரிய நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அதற்கு முறையான எண் விழும். டெல்லியில் 2012-ல் ஒரு மாணவிக்கு நடந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையை ஒட்டி இந்த நடைமுறை பரவலானது. இப்போது சட்ட வாசகத்திலேயே ஏறிவிட்டது. பெரியம்மாவின் வழக்கும் இப்படித்தான் ரயில்வே போலீசுக்குப் போனது. ஓடும் ரயிலிலோ பஸ்ஸிலோ நடந்தால் எந்த ஊர் எல்லை என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் கண்ணில் படும் நிலையத்துக்குப் போகலாம். ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது நிலையத்தைத் தேடி ஓடாமல் 112-ஐ அழைக்க வேண்டும்.

என்ன சொல்வது? நாள், நேரம், இடம், என்ன நடந்தது, என்ன போனது, யாரையாவது பார்த்தீர்களா, இவற்றை நடந்த வரிசையில் சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். சந்தேகத்தின் பேரில் ஒரு பெயரைச் சேர்த்துவிடுவது பெரிய ஆபத்து. பொய் என்று தெரிந்தே தகவல் கொடுத்தால் அது தனிக் குற்றம். நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். கலைக்களஞ்சியம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பிறகு நினைவுக்கு வருவதை விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலமாகத் தரலாம்.

தாமதம் மட்டும் கூடாது. 1972-ல் துலியா காளி எதிர் தமிழ்நாடு அரசு என்ற கொலை வழக்கில், நிலையம் இரண்டே மைல் தூரத்தில் இருந்தும் இருபது மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தகவல் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்த்தது. நேரம் போகப் போகக் கதை சேர்ந்துவிடும் என்பது நீதிமன்றத்தின் கவலை. தாமதம் ஆகிவிட்டால் வழக்கே போய்விடும் என்று பொருளல்ல. ஆஸ்பத்திரியில் இருந்தோம், பயந்தோம், ஊர் புதிது என்று உண்மையான காரணத்தை அந்தத் தாளிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

இனி, பதிய மறுத்தால் என்ன செய்வது? 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக முடித்துவைத்தது. காணாமல் போன ஒரு மைனர் பெண்ணின் தந்தை கொண்டுவந்த வழக்கு அது. சொல்லப்படும் தகவலில் வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய முதல் வகைக் குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம், அதிகாரியின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை என்றது தீர்ப்பு. குடும்பத் தகராறு, வியாபாரக் கணக்கு, மருத்துவக் கவனக்குறைவு, லஞ்சம், காரணமின்றி ரொம்பத் தாமதமாக வந்த புகார் போன்றவற்றில் மட்டும் சுருக்கமாக முன்விசாரணை செய்யலாம் என்று விட்டது. புதுச் சட்டம் அந்த வாசலை இன்னும் சற்று அகலப்படுத்தியிருக்கிறது. மூன்று வருஷமும் அதற்கு மேலும், ஆனால் ஏழு வருஷத்துக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. (காவல் துணைக் கண்காணிப்பாளர்) அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை நடத்தலாம். எனக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு டிக்கெட் போட்டு வந்திருக்கும் ஒருவருக்கு 14 நாள் என்பது முழுப் பயணம். ஆனாலும் அது சட்டம். "முன்விசாரணையில் இருக்கிறது" என்று சொன்னால், யார் அனுமதித்தார், என்றைக்குத் தொடங்கியது என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கும் அசையாவிட்டால் அடுத்த படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரான எஸ்.பி. நகரங்களில் அந்தப் பொறுப்பில் துணை ஆணையர் இருப்பார். நடந்ததை எழுதி, ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்ப வேண்டும். நேரில் போய்க் காத்திருப்பதைவிடத் தபால் நல்லது, ஏனென்றால் சட்டமே தபாலைச் சொல்கிறது, கையில் அத்தாட்சியும் மிஞ்சும். அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டால், விசாரிக்கும்படி போலீசுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். முந்தைய படிகளின் தபால் ரசீதுகள் அப்போதுதான் பயன்படும். இந்தக் கட்டத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு முன்பு தேவையில்லை.

பாலியல் குற்றங்களில் நிலைமை வேறு. பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். இந்தக் குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் உண்டு, நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவில். குழந்தை பாதிக்கப்பட்டிருந்தால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ன் போக்சோ சட்டம். "நம்ம வீட்டு விஷயம்" என்று பெரியவர்கள் மூடிமறைப்பது அங்கே தண்டனைக்குரியது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

யாங்கோனில் இருந்துகொண்டே சொல்ல முடியுமா என்று அனவ்ரத்தா வீதி காளி கோயிலில் பார்க்கும்போதெல்லாம் ஒருவராவது கேட்கிறார். காலேஜ் சீட்டு வாங்கித் தருகிறேன், ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்ட தரகர் கதைகள்தான் பெரும்பாலும். மின்னணு வழியில் தகவல் அனுப்பலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அனுப்பியவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும். இங்கிருந்து அது நடக்கிற காரியமா? ஆகவே ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர், தமக்கு நேரடியாகத் தெரிந்ததையும் நாம் சொல்லித் தெரிந்ததையும் பிரித்துச் சொல்லி, தகவல் கொடுப்பவராக இருப்பதே வழி. பணம் அனுப்பிய ரசீதும் செய்திப் பரிமாற்றமும் அவர் கையில் இருக்கட்டும். இந்திய வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால், கணக்கு வைத்திருப்பவர் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க முயல்வார்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பெரியம்மாவின் எஃப்.ஐ.ஆர். பிரதிக்கு அன்றே பத்து நகல் எடுத்தோம். பாஸ்போர்ட் போன வெளிநாட்டவருக்கு அந்தத் தாள் இல்லாமல் அடுத்த அடி கிடையாது. தூதரகத்தில் பயணப் பத்திரம் கேட்கும்போதும், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்கும்போதும் முதலில் கேட்பது அதைத்தான். விசா முடிய நாலு நாள் இருக்கும்போது எல்லாம் கைக்கு வந்தது. மூட்டு வைத்தியம் பாதியில் நின்றுபோனது.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும். இது புதுச் சட்டத்தில் சேர்ந்த நல்ல அம்சம். குற்றவாளி கிடைக்கவில்லை என்று கோப்பை மூடப் பார்த்தால், மாஜிஸ்திரேட் அதை ஏற்கும் முன் தகவல் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்பி, ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். 1985-லிருந்தே உச்ச நீதிமன்றம் விதித்திருக்கும் கடமை அது. இதற்காகத்தான் எஃப்.ஐ.ஆரில் யாங்கோன் விலாசத்தோடு அக்கா வீட்டு விலாசத்தையும் கைபேசி எண்ணையும் சேர்த்து எழுதச் சொன்னோம். மூன்றாவது மாதம் அந்த எண்ணுக்குத்தான் ரயில்வே போலீசிலிருந்து அழைப்பு வந்தது. ஆள் இன்னும் சிக்கவில்லை, பை அறுப்பவர்கள் சிலரைக் கண்காணித்து வருகிறோம் என்றார்களாம். அக்கா அதைப் போனில் சொன்னபோது பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பையைப் பத்திரமா வச்சிருக்கியா? நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா காட்டணுமே."